வெல்கோ அண்ணன் தலையாட்டின விதம்

ஹலோ... வெல்கோ அண்ணே? நான்தான், பள்ளிக்கூட ஆபீஸ்லேர்ந்து நெவெனா... ஆமா ஆமா, மேயர் ஐயாதான், தெரியும். ரெண்டு நிமிஷம் அந்தப் பதவியைக் கழட்டி வச்சிட்டுக் கேளுங்க. உங்க வேலை போயிருச்சு.

...மேயர் வேலை இல்லண்ணே. நம்ம பள்ளிக்கூடத்தைச் சூடாக்கற பாய்லர் வேலை.

...சட்டம் இருக்கு, யாரு இல்லைங்கறா? தேர்தல்ல ஜெயிச்சா சம்பளமில்லா லீவு, பதவி முடிஞ்சதும் வந்து அதே பாய்லர் முன்னாடி உட்கார்ந்துக்கலாம். இருபத்தாறு வருஷம் நெருப்புப் போட்டவருக்கு இல்லாத உரிமையா? ஆனா கல்வி ஆபீஸ்லேர்ந்து அந்தப் பொண்ணு லோரா வந்து, 'திரும்பி வருவீங்களா'ன்னு கேட்டப்போ நீங்க என்ன பண்ணினீங்க?

...தலையை ஆட்டினீங்க. எப்படி?

...அதேதான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நம்ம பல்கேரியாவுல அது 'ஆமா'. அவ வியன்னாவுல பொறந்து வளர்ந்தவ, இங்க வந்து மூணு வாரம்தான் ஆச்சு. அங்க அது 'மாட்டேன்'. 'வர மாட்டார், இடம் காலி'ன்னு எழுதிட்டா.

...கத்தாதீங்க, இன்னும் இருக்கு. அந்த இடத்துக்கு ஒருத்தர் மனு போட்டிருக்கார்... ஸ்தமென்... ஆமா ஆமா, அதே ஸ்தமென்தான், உங்ககிட்ட தோத்துப்போன பழைய மேயர். 'என் நாற்காலியை அவன் எடுத்துக்கிட்டான், அவன் முக்காலியை நான் எடுத்துக்கறேன்'ங்கறார். என் எதிர்லயேதான் உட்கார்ந்திருக்கார். உங்க நீலக் கோட்டைப் போட்டும் பார்த்துட்டார், தோள் கச்சிதமா இருக்கு. மடியில சாக்லேட் பெட்டி. வேலை உறுதியானதும் பிரிப்பாராம்.

...பாய்லரா? அவர் தொட்டதுலேர்ந்து வெறும் புகைதான். மூணாம் வகுப்பு குளிர்ல குல்லாய் போட்டுக்கிட்டுக் கணக்குப் போடுது. அந்தச் சனியன் நீங்க இடதுகாலால உதைச்சாத்தானே எரியும்.

...அழாதீங்கண்ணே. நாலு வருஷப் பதவி முடிஞ்சு இந்த வயசுல எங்க போய் நிப்பீங்கன்னுதானே நானே போன் போட்டேன். லோரா நல்ல பொண்ணு, இங்கதான் என் பக்கத்துல முத்திரையோட நிக்கறா. பன்னெண்டு மணி அடிக்கறதுக்குள்ள நீங்க வாயால சொன்னா மாத்தி எழுதறேங்கறா... ஸ்பீக்கரா, இந்தப் பழைய போன்ல ஏது? என் காதுல சொல்லுங்க, நான் சாட்சி. ரெண்டே நிமிஷம்தான் இருக்கு. திரும்பி வருவீங்களா?

...அண்ணே?

...அண்ணே, அங்க உட்கார்ந்து தலையை ஆட்டறீங்களா? போன்ல தெரியாதுண்ணே. வாயைத் திறங்க.

...ஆங். கேட்டுச்சு, கணீர்னு கேட்டுச்சு. இருங்க.

என்ன லோரா... அவர் வருவாரான்னா?

...ஏம்மா, முத்திரையை ஏன் எடுக்கறே? இரு, இரு, நான் 'ஆமா'ன்னுதானே...

...இல்லண்ணே. ஒண்ணுமில்ல. ...அவ என்னைக் கேட்டா. நானும்... நானும் தலையை ஆட்டிட்டேன்.

...எப்படின்னா? நம்ம ஊர்ல எப்படி ஆட்டுவோமோ அப்படித்தான்.

...மணிதான் அடிக்குது. ஆமா, பன்னெண்டு. குத்திட்டா. ஸ்தமென் பெட்டியைப் பிரிச்சிட்டார்... முதல்ல எனக்குத்தான் நீட்டினார். வேணாம்னு மேலயும் கீழயும் நல்லாத் தலையாட்டினேன். இந்த லோரா ரெண்டு எடுத்து என் கையில வச்சிட்டா.