மனுவில் ஒரு வரி

"எனக்கே எலின்னா பயம்க்கா. எம்பொண்ணு எப்படிப் புடிப்பா?"

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் இப்படிக் கேட்டாள். அவள் மடியில் கலெக்டருக்கு எழுதிய மனு இருந்தது. பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் மூத்தவள்.

"யாரு புடிக்கச் சொன்னாங்க?"

"நாளைக்கு விசாரணைக்கு வர்ற அதிகாரிதான். எலி புடிச்சுக் காட்டினாதான் இருளர்னு நம்புவாராம். ஜாதி சர்ட்டிபிகேட் இல்லன்னா அவளுக்கு நர்சிங் சீட்டு போயிடும்."

"அந்த மாதிரி கேக்கவே கூடாது, அப்பாவோட சர்ட்டிபிகேட்ட வச்சே புள்ளைக்கும் குடுங்கன்னுதானே மனு குடுக்கப் போறோம்?"

"கவர்மெண்ட்டு அத மாத்தறதுக்குள்ள காலேஜ் தொறந்துடும்க்கா. எங்க அண்ணன் வரப்புல கூட்டிட்டுப் போய், வளையில புகை போடக் கத்துக் குடுக்கறான். அழுதுகினே கத்துக்கறா."

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மலை தெரிய ஆரம்பித்திருந்தது.

"அக்கா, 'எங்கள் பிள்ளைகளுக்கு எலி பிடிக்கத் தெரியாது'ன்னு இதுல ஒரு வரி இருக்கு. அத மட்டும் அடிச்சுடலாமா?"

மூத்தவள் பையைத் திறந்து பேனாவைத் தேடினாள்.