மூலப்பிரதி எங்கே என்று கேட்ட சூடாமணி அம்மையாருக்கு

சென்னை மயிலாப்பூர், சித்திரக்குளத்தருகே செயல்பட்டுவரும் வெண்பலகைக் கல்வி அறக்கட்டளையின் அச்சுப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராகப் பணியாற்றி, 1999 ஜூன் திங்கள் முப்பதாம் நாளாகிய இன்று பணி ஓய்வு பெறும் திருமதி சூடாமணி அம்மையார் அவர்களின் திருமுன், உடன் பணியாற்றிய ஊழியர்கள் உவந்து படித்தளிக்கும் மடல்.

பிழைக்குப் பகைவரே! சிவப்புப் பேனாவின் செங்கோல் அரசியே!

இவற்றுக்குப் பின் இன்னும் மூன்று விளிகள் எழுதியிருந்தோம், அம்மா. என்ன செய்வது? தங்கள் ஒப்பமில்லாமல் இந்த அலுவலகத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டும் வெளியே போகக்கூடாது என்பது விதி. அதனால் தங்களைப் பாராட்டும் மடலையே தங்களிடம் மெய்ப்புக்கு அனுப்பும்படி ஆயிற்று. 'கருணைக் கடலே' என்பதன் ஓரத்தில் 'ஆதாரம்?' என்று கேட்டீர்கள். 'பொறுமையின் சிகரமே' என்பதற்கு நேராக 'யார் பார்த்தது?' என்று எழுதினீர்கள். 'எங்கள் குலவிளக்கே' என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு 'மூலப்பிரதி காட்டுக' என்றீர்கள். மேலே மிஞ்சியிருக்கும் இரண்டுக்கு மட்டும் 'சரி, போகட்டும்' என்று அனுமதி கிடைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில், ஈய எழுத்துகள் இரைந்துகொண்டிருந்த இக்கூடத்துக்குள் இருபத்தைந்து வயதில் நுழைந்தீர்கள். அன்று முதல் பாடநூலானாலும் பஞ்சாங்கமானாலும், வரைபடமானாலும் வாழ்த்து அட்டையானாலும், வட்டத்துக்குள் சிவப்பு மையில் தாங்கள் இடும் 'சூ' என்ற ஒற்றை எழுத்தைக் காணாமல் இயந்திரம் சுழன்றதில்லை. மதுரைக்குள் கூவம் ஓடிய வரைபடத்தைத் தடுத்து நிறுத்தினீர்கள். 'நாளை விடுமுறை' என்று நம் செயலாளர் ராஜகோபாலன் அவர்கள் எழுதிய சுற்றறிக்கையை 'எந்த நாளை?' என்ற கேள்வியோடு திருப்பி அனுப்பினீர்கள். பதில் வருவதற்குள் அந்த நாளை கடந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் வேலைக்கு வந்துவிட்டோம். அதைக்கூட மன்னித்துவிட்டோம், அம்மா.

ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் ஒரு நூலிலும் தங்கள் பெயர் அச்சானதில்லை. எழுதியவர் பெயர் வரும், படம் வரைந்தவர் பெயர் வரும், அட்டை ஒட்டியவருக்குக்கூட ஒருமுறை நன்றி வந்தது. பிழை நீக்கியவர் பெயர் வராது. அந்தக் குறை இந்த ஆண்டு தீரவிருந்தது.

பள்ளிகளுக்குத் தருவதற்காக, எவரும் திறந்து படித்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு கணிப்பொறி இயங்குதளத்தைக் குறுந்தகட்டில் பதித்து வழங்க நம் அறக்கட்டளை முடிவுசெய்தது. அடையாற்றிலிருந்து பொறியாளர் அச்யுத் வந்து சேர்ந்தார். அட்டையில் இரண்டு வரிகள் அச்சாயின. முதல் வரி: 'இதில் மறைவானது எதுவுமில்லை, ஒவ்வொரு வரியையும் நீங்கள் படிக்கலாம்.' இரண்டாம் வரி: 'மெய்ப்பு: சூடாமணி.'

அந்த அட்டையைக் கையில் வாங்கித் தங்கள் பெயரை ஒருமுறை பார்த்தீர்கள். உடனே பார்வை முதல் வரிக்குப் போய்விட்டது.

"ஒவ்வொரு வரியையும் படிக்கலாம்னு போட்டிருக்கே. யாராவது படிச்சீங்களா?"

எல்லோரும் அச்யுத்தைத் திரும்பிப் பார்த்தோம்.

"அம்மா, அது கெர்னல். இயங்குதளத்தோட உட்கரு. அதைப் போய் யாரும் உட்கார்ந்து படிக்க மாட்டாங்க" என்றார் அச்யுத்.

"அப்ப நான் படிச்சேன்னு எப்படிப் போட்டீங்க?"

அவ்வளவுதான். நம் தகட்டில் சேரும் பகுதிகள் மட்டும் பதினோரு பெட்டித் தொடர்தாளில் அச்சாகி வந்து இறங்கின. இந்த அலுவலக வழக்கப்படி ஒருவர் உரக்கப் படிக்க, ஒருவர் சரிபார்க்க வேண்டும். படிக்கும் பொறுப்பு தங்கள் பக்கத்து மேசை நஸ்ருன்னிசா அவர்களின் தலையில் விழுந்தது. அடைப்புக்குறி, அரைப்புள்ளி, வரி முடிவு என்று ஒன்றுவிடாமல் அவர் படிக்க, புரியாத ஒவ்வொன்றுக்கும் தாங்கள் அச்யுத்தை அழைக்க, அவர் மதிய உணவை மாலை ஐந்து மணிக்கு உண்ணப் பழகினார்.

ஏழாம் பெட்டியில்தான் வந்தது வினை. கணிப்பொறிக்குள் செருகும் ஒரு கார்டை இயக்கும் பகுதியில் சொற்கள் நின்றுபோய் எண்களாக வந்தன. முப்பத்தேழு பக்கம், வெறும் எண்கள். 'சைபர் எக்ஸ் மூன்று எஃப், கமா, சைபர் எக்ஸ் ஏழு ஏ, கமா' என்று நஸ்ருன்னிசா அவர்கள் ஒரே சுருதியில் படித்துக்கொண்டே போக, பக்கத்து வீட்டு ஜானு மாமி படியேறி வந்துவிட்டார்.

"யாருக்குடிம்மா உடம்பு சரியில்லை? காலம்பறலேர்ந்து பாராயணம் நடந்துண்டிருக்கே! பிரசாதம் உண்டோ?"

மாமிக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு அச்யுத்திடம் திரும்பினீர்கள். அது கார்டைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனியின் கட்டளைத் தொகுப்பு என்றார் அவர். ஃபர்ம்வேர் என்று பெயர். கணிப்பொறி விழித்ததும் இந்த எண்களைக் கார்டுக்குள் ஊட்டும். கார்டு அவற்றின்படி நடக்கும். எண்களாக மாற்றுவதற்குமுன் மனிதர்கள் எழுதிய பிரதி கம்பெனியிடம் மட்டும் இருக்கிறது. பக்கத்தின் தலைப்பில் 'மாற்றக்கூடாது' என்ற எச்சரிக்கை வேறு.

"மூலப்பிரதி எங்கே?"

"தர மாட்டாங்க, அம்மா. நான் கேட்டு எழுதிப் பார்த்துட்டேன். வியாபார ரகசியமாம்."

முப்பத்தேழு பக்கத்தையும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு கடந்தது. 'படிக்க இயலாதது. நீக்குக. சூ.'

இந்த இடத்தில் எங்கள் தவற்றை ஒப்புக்கொள்கிறோம். சிவப்புக் கோட்டைக் கண்டால் அச்சுக்கோப்பவர் மறுபேச்சுப் பேசக்கூடாது என்று தாங்களே எங்களைப் பழக்கினீர்கள். அச்யுத்தும் பழகிவிட்டார். ஒன்றை நீக்குவானேன், ஒரேயடியாகத் துடைத்துவிடுவோம் என்று, எண்கள் மட்டும் பத்து வரிக்குமேல் வரும் எல்லா இடங்களையும் தேடிப்பிடித்துச் சைபராக்கினார். மறுநாள் காலை கணிப்பொறியைப் போட்டால் ஓசை வருகிறது, திரை கறுப்பு.

"கரண்ட் போயிடுத்தா?" என்றார் செயலாளர், ஓடுகிற மின்விசிறியின் கீழே நின்றுகொண்டு.

அச்யுத் துடைத்த பகுதிகளின் தாள்களைத் தாங்கள் திரும்ப எடுத்தீர்கள். ஒரு பட்டியலில் எண்கள் பதினாறு பதினாறாக வந்தன. ஒவ்வொரு பதினாறிலும் பெரும்பாலும் மேலே இரண்டு சைபர், கீழே நான்கு சைபர்.

"இது ஈய எழுத்துக்குத் தலையிலயும் கால்லயும் விடற இடம் மாதிரி இருக்கே" என்றீர்கள்.

கட்டம் போட்ட தாள் வந்தது. ஒவ்வோர் எண்ணும் எட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரு வரி என்று அச்யுத் கணக்குச் சொல்ல, தாங்கள் கறுப்பிக்க, பதினாறாவது வரியில் ஆங்கிலத்தின் முதல் எழுத்து எழுந்து நின்றது. நாங்கள் துடைத்தெறிந்தது திரையின் எழுத்துகளையே! பிழை நீக்கும் வேகத்தில் அரிச்சுவடியை நீக்கியவர்கள் உலகிலேயே நாமாகத்தான் இருப்போம்.

"இதைப் படிக்க முடியுது. இது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நியாயம் பிசகக்கூடாதென்று கம்பெனியின் எண்களையும் இரண்டு நாள் கட்டத்தில் கறுப்பித்துப் பார்த்தீர்கள். கொசு அடித்த சுவர் போல இருந்தது. சிவப்புக் கோடு நிலைத்தது.

எழுத்துகள் திரும்பின, திரைகள் திரும்பவில்லை. நம் அலுவலகத்தில் ஒரு கணிப்பொறியோடு ஏழு திரைகளைப் பிணைத்திருந்தது அந்தக் கம்பெனிக் கார்டுதான். ஏழும் அணைந்தன. மிஞ்சிய ஒன்றின் முன் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். 'இடம் பிடிக்கக் கைக்குட்டை போடக்கூடாது' என்று செயலாளர் அறிக்கை எழுதினார். அதைத் தட்டச்சு செய்ய அவருக்குக் கிடைத்த டோக்கன் பத்தொன்பது.

எங்கள் பாடு கிடக்கட்டும். ஊரூர் குப்பத்தில் மீனவப் பிள்ளைகளுக்குக் கல்விக்கூடம் நடத்தும் தேவானை அவர்கள், சோதனைக்காகக் கொடுத்த முதல் தகட்டைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாரே, அன்றைக்குத்தான் தங்கள் முகம் வாடக் கண்டோம். அங்கும் அதே கார்டு.

"இன்னாம்மா இது? எட்டுப் பொட்டி கீது. ஒண்ணுதான் முழிச்சிக்கினு கீது, மீதி ஏழும் தூங்கிக்கினு கீது. புள்ளைங்க அந்த ஒண்ணுக்கு அடிச்சிக்கினு சாவுதுங்க."

"கார்டுக்குள்ள போற கட்டளையைக் காட்ட மாட்டேங்கறாங்க, தேவானை. நான் படிக்க முடியாததைப் படிச்சேன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"நீ படிச்சியோ இல்லியோ. எம் புள்ளைங்க படிக்கணும்ல?"

அந்தத் தகட்டைத் தாங்களே வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டீர்கள்.

செயலாளர் தேவானையின் பேச்சையே பிடித்துக்கொண்டார். "பாருங்கோம்மா. முப்பதாம் தேதிக்குள்ள உங்க ஒப்பம் வரலைன்னா, அந்த நம்பரைத் திரும்பச் சேர்த்து நானே அனுப்பிடுவேன்."

"அப்ப அட்டையில அந்த வரியை எடுத்துடுங்க."

"அட்டை எல்லாம் அச்சாயிடுத்தே!"

"அப்ப என் பேரை எடுத்துடுங்க. கறுப்பு மை வெச்சு அடிச்சாப் போதும்."

முப்பத்து மூன்று ஆண்டுகள் காத்து முதன்முதலாக அச்சேறிய பெயரை, மேசைமேல் சிந்திய காபியைத் துடைக்கச் சொல்வதுபோலச் சொன்னீர்கள். நஸ்ருன்னிசா எழுந்து வெளியே போய்விட்டார். தாங்கள் மட்டும் கம்பெனித் தாளையும் தேவானையின் தகட்டையும் அருகருகே வைத்துக்கொண்டு, ஒரு வாக்கியத்தில் தேவையற்ற சொல் எது என்று தேடும் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு அச்யுத்தை அழைத்தீர்கள்.

"தம்பி, எட்டுத் திரை ஓடறதுக்கு இந்தக் கார்டேதான் வேணுமா?"

அச்யுத் தலையைச் சொறிந்தார். "வேற ஒரு பழைய மாதிரி இருக்கு. அதுக்கு மூளை கிடையாது, அம்மா. எல்லா வேலையையும் கெர்னலே செய்யணும். அந்தப் பகுதியை மூணாம் பெட்டியிலயே நீங்க படிச்சுத் திருத்திட்டீங்க. ஆனா மெதுவாப் போகும்."

"மெதுவா போனா இன்னா நைனா?" என்றார் இன்னும் அங்கேயே நின்றிருந்த தேவானை. "போவுதுல்ல?"

ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி 'மூளையில்லாத கார்டு இருக்கா?' என்று அச்யுத் கேட்டதற்கு, 'யாருக்கு சார், உங்களுக்கா?' என்று ஒரு கடைக்காரர் கேட்டதாகக் கேள்வி. தூசி தட்டி எடுத்தது இரண்டே இரண்டு, ஒன்று நான்கு திரைக்குமேல் தாங்காது. அவற்றை எப்படி வாங்கினோம் என்பதை இச்சபை அறியட்டும். ஓய்வு பெறுவோருக்குச் சுவர்க்கடிகாரம் வழங்குவது நம் மரபு. "எங்க வீட்டுல ஏற்கெனவே மூணு இருக்கு. மூணும் மூணு மணி காட்டுது. மேற்கு மாம்பலத்துல நாலாவதை மாட்டச் சுவரும் இல்ல" என்று சொல்லி, அந்தக் கடிகாரத்தைக் கார்டுகளாக மாற்றிக்கொண்டீர்கள். ஆகவே இன்று இம்மேடையில் தங்களுக்குத் தருவதற்குக் கடிகாரம் இல்லை. கார்டு இரண்டும் குப்பத்துக்குப் போய்விட்டதால் நமக்கும் ஒன்று மிச்சமில்லை. டோக்கன் முறை தொடர்கிறது.

நேற்று மாலை நான்கு மணிக்குத் தேவானை அவர்கள் கடைத் தொலைபேசியிலிருந்து அழைத்தார். "எட்டும் முழிச்சிக்கிச்சும்மா! இப்ப எட்டு சண்டை நடந்துக்கினு கீது!" தொலைபேசியை வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவைத் திறந்தீர்கள். எந்தக் கார்டு இத்தகட்டில் இயங்காது, ஏன் இயங்காது என்று மறைக்காமல் சொல்லும் ஒரு பிழைதிருத்தச் சீட்டை எழுதி உள்ளே வைத்தீர்கள். அதன் கீழே வட்டம் போட்டு, வட்டத்துக்குள் 'சூ' எழுதினீர்கள். அட்டையில் இரண்டு வரிகளும் அப்படியே இருக்கின்றன. இரண்டும் உண்மை.

அம்மையீர்! இதுவரை படித்ததெல்லாம் தாங்கள் பார்த்துத் திருத்தியவை. இனி வரும் பத்தியைத் தங்களுக்குக் காட்டவில்லை. தங்கள் ஒப்பமின்றி இவ்வலுவலகத்திலிருந்து வெளியேறும் முதல் பத்தி இது.

கருணைக் கடலே! ஆதாரம்: குப்பத்தில் ஓடும் எட்டுத் திரைகள், சாட்சி தேவானை. பொறுமையின் சிகரமே! பார்த்தவர்: முப்பத்தேழு பக்க எண்களைத் தங்களுக்குப் படித்துக் காட்டிய நஸ்ருன்னிசா. எங்கள் குலவிளக்கே! மூலப்பிரதி: இதோ, நாற்காலிகளில் அமர்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் நாங்கள் இருபத்திரண்டு பேர். வேண்டுமானால் ஒவ்வொருவராக வாசித்துப் பார்த்துக்கொள்ளலாம். மேற்கு மாம்பலத்து வீட்டில், மூன்று கடிகாரங்களும் மூன்று மணி காட்டட்டும். மூன்றிலும் தங்களுக்கு நல்ல நேரமே நடக்கட்டும். கண்ணொளி குன்றாமல், கால்வலி அண்டாமல், பத்திரிகைக்காரர்கள் பயந்து நடுங்கும்படி நாளும் வாசகர் கடிதம் எழுதி, நூறாண்டு தாண்டி வாழ்வீர்கள் அம்மா!

தங்கள் வலக்கை கைப்பைக்குள் துழாவுவது இங்கிருந்தே தெரிகிறது. சிவப்புப் பேனா அங்கே இல்லை, நஸ்ருன்னிசாவிடம் இருக்கிறது. மூலம் காட்டிவிட்டோம். ஆனால் இந்தப் பத்தி எங்கள் தனியுடைமை. மாற்றக்கூடாது.

தங்கள் திருத்தங்களால் திருந்தியும், சற்றே திருந்தாமலும் நிற்கும்
வெண்பலகைக் கல்வி அறக்கட்டளை ஊழியர்கள்
மயிலாப்பூர், சென்னை
30.6.1999