இடது கால் மட்டும்

டிரெய்லரின் பின்பலகை தடாலென்று விழுந்த சத்தத்தில் என் கையிலிருந்த தேநீர் மேசையெல்லாம் சிந்திவிட்டது. கிளைவ் பாஸ்கோ எதையும் மெதுவாக இறக்கிப் பழகாதவர். பலகையை மட்டுமல்ல, பழியையும் அப்படித்தான் இறக்குவார். அது இருக்கட்டும். மேசையைத் துடைத்துவிட்டு வெளியே போனேன்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றித்தானே கேட்டீர்கள், ஐயா? சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

டாஃபியை டிரெய்லரிலிருந்து இறக்கியவள் டீகன் ரோச். அந்தப் பெண்குதிரையைக் காலைப் பயிற்சியில் ஓட்டுபவளும் அவள்தான், பந்தயத்தில் ஓட்டுபவளும் அவள்தான். கிளைவ் அதன் பயிற்சியாளர். சனிக்கிழமை ஊர்க் கோப்பைப் பந்தயம். டாஃபி கொஞ்ச நாளாக இடது முன்காலை ஊன்றத் தயங்குகிறது என்று கொண்டுவந்திருந்தார்கள்.

"இடது கால் மட்டும் பாரு, டாக்டரம்மா," என்றார் கிளைவ். "உன் ஸ்கேன் மெஷினுக்கு ஆசை ஜாஸ்தி. விட்டா வாலைக்கூடப் படம் புடிக்கும்."

நான் சிரித்தேன். யார் சொன்னாலும் நல்ல கேலிக்கு நான் சிரித்துவிடுவேன்.

ஸ்கேன் எடுக்கும் முன் ஒரு சோதனை உண்டு. வலிக்கிறது என்று நினைக்கிற மூட்டில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, குதிரையை ஓடவிட்டுப் பார்ப்போம். டீகன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். கிளைவ் யாருடனோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். இடது கால் மரத்ததும் டாஃபியின் தலை வேறு தாளத்தில் ஆடத் தொடங்கியது. வலது கால் தரையைத் தொடும்போதெல்லாம் தலை மேலே போனது. இப்போது அது வலது காலில் நொண்டியது.

இரண்டு காலும் வலித்தால் குதிரை எந்தக் காலுக்கென்று நொண்டும்? ஒன்றின் வாயை அடைத்தால்தான் மற்றது பேசும். டீகனின் முதுகுக்குப் பின்னால் நடந்தது, அவள் பார்க்கவில்லை. கிளைவும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்ப்பதுதான் என் வேலை.

எங்கள் இயந்திரத்துக்குக் குதிரையைப் படுக்க வைக்க வேண்டியதில்லை. லாடத்தைக் கழற்றிவிட்டு, அரைத் தூக்கத்துக்கு மருந்து கொடுத்தால், பெரிய காந்தத்தின் இடுக்கில் காலை வைத்துக்கொண்டு நின்றபடியே இருக்கும். எக்ஸ்ரேயில் பிடிபடாததெல்லாம் இதில் பிடிபடும். எலும்புக்குள் கசிந்திருக்கும் நீர்கூடத் தெரியும். நான் இரண்டு காலையும் படமெடுத்தேன். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். இடது கணுமூட்டில் பழைய அடி, ஆறிக்கொண்டிருந்தது. வலது கணுமூட்டில், எலும்பின் அடிமுனையில், மயிரிழை போல ஒரு விரிசல். ஓய்வு கொடுத்தால் கூடிவிடும். முழு வேகத்தில் ஓடவிட்டால் பிளந்துபோகும்.

அந்தப் படத்தைத்தான் நீங்கள் எங்கள் இயந்திரத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். நான் அதை அழித்திருக்கலாம். நோயாளியின் படத்தை அழிப்பது முறையல்ல.

இடது கால் தாங்கும் என்று கிளைவிடம் சொன்னேன். அது உண்மை. வலது காலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்ற பாடத்தை எனக்குப் புகட்டியவளே டீகன்தான்.

போன குளிர்காலத்தில் கிளைவின் இன்னொரு குதிரையைப் பார்க்க லாயத்துக்குப் போயிருந்தேன். மூட்டு தாங்காது, ஓட்டவே கூடாது என்று வாய்விட்டுச் சொன்னேன். டீகன் என் தோளை உரசியபடி நின்றிருந்தாள். கிளைவ் ஓடவிட்டார். வளைவில் விழுந்தது. கூட்டம் பார்க்காதபடி சுற்றிலும் பச்சைத் திரையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அதன் கதையை முடித்தார்கள். விசாரணையில், அனுமதித்தது நான்தான் என்றார் கிளைவ். அதில் எனக்கு வருத்தமில்லை, அவரிடம் நான் வேறெதையும் எதிர்பார்த்ததில்லை. அடுத்து டீகனிடம் கேட்டார்கள். மடியிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு எதுவும் கேக்கல."

அவளுக்குச் சவாரி கொடுப்பவர் கிளைவ். எனக்குப் புரியாமலில்லை. பந்தய மைதானத்துக் குதிரை மருத்துவர் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அந்த ஞாயிறும் டீகன் வழக்கம்போல என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். அவள் மகளுக்கு நான் ஞானத்தாய். என் சமையலறையில் நின்று உருளைக்கிழங்கு உரித்தாள். வறுத்த ஆட்டிறைச்சி பதமாக வெந்திருக்கிறது என்றாள். அவள் தட்டில் இன்னொரு துண்டு வைத்தேன்.

பாருங்கள், அவள் சொன்ன அதே சொல்லைத்தான் நானும் சொல்கிறேன். அவளுக்குக் காது கேட்கவில்லை. என்னிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை.

சனிக்கிழமை நான் வேலியோரம் நின்றிருந்தேன். கடைசி வளைவைத் தாண்டும்போது டாஃபி முன்னால் வந்தது. காய்ந்த கிளை ஒடிவது போன்ற சத்தம் நான் நின்ற இடம்வரை வந்தது. டாஃபிக்காக அழுதேன். பார்த்தவர்கள் சொல்வார்கள்.

டீகனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. தினமும் பிற்பகல் மருத்துவமனைக்குப் போகிறேன். பூசணிக்காய் சூப் கொண்டுபோய் நானே ஊட்டுகிறேன். சூடாக இருந்தால் ஊதித்தான் கொடுப்பேன். அவளுடைய கழுத்து ஸ்கேனை மருத்துவர்கள் என்னிடம் காட்டினார்கள். மிகத் தெளிவான படம். விபத்துக்கு முந்தைய நாட்கள் அவள் நினைவிலேயே இல்லையாம்.

இதில் என் பொய் எங்கே இருக்கிறது, ஐயா? பொய் சொன்னவர்கள் அவர்கள் இருவரும்தான். துரோகம் என்றால் என்னவென்று அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டவள் நான்.

அந்த வியாழக்கிழமை கிளம்பும் முன் டீகன் என்னிடம் தனியாக ஏதாவது பேசினாளா என்கிறீர்கள். இதை இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

பேசினாள். நான் கை கழுவிக்கொண்டிருந்த தொட்டியருகே வந்தாள். கிளைவ் வண்டிக்குள்ளிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். போன குளிர்காலத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். முடிக்க முடியாமல் திணறினாள். நான் உதவவில்லை. பிறகு ஈரமாயிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளைவ் சொல்றத நான் நம்பல, மார்னி. அது வலது காலையும் என்னவோ பண்ணுது. நீ சொன்னா ஏறுறேன். வேணாம்னு சொல்லு, இப்பவே விட்டுடுறேன். சவாரி போனா போகுது."

அவள் கண்ணைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.

"ரெண்டு காலையும் பாத்துட்டேன், கண்ணு. ஒண்ணுமில்ல. தைரியமா ஏறு."