பத்திரிகையில போட்ட பங்களா

என்ன சார், காதுகுத்துப் பத்திரிகைய வாங்குனதும் மொகம் இப்புடிச் சுருங்கிருச்சு? ஞாயித்துக்கெழம வேற சோலி எதுவும் இருக்கா? அதெல்லாம் சொல்லப்படாது. எங்க ஆடிட்டர் மைக்கேல்ராஜ் சார் முன்வரிசையில உக்காந்து கறிச்சோறு திங்கணும். எம்மக தமிழ்வாணிக்குத் தோடு வாங்குறதுக்கு முன்னாடியே இத முடிவு பண்ணிட்டேன்.

எதத் தொட்டுக் காட்டுறீக? ஓ... எங்க வீட்டுக்காரரு பேருக்குக் கீழ இருக்கதா? ‘முத்துப்பாண்டி, பள்ளி எழுத்தர், மலேசியா ஈப்போ பங்களா உரிமையாளர்.’ நல்லாருக்குல்ல? தங்க எழுத்துல போடச் சொன்னேன், அதுக்குத் தனியா வாங்கிட்டான் அச்சாபீஸ்காரன்.

அந்தப் பங்களா கதைய ஏன் சார் கேக்குறீக! அவரோட சித்தப்பா காளை, கல்யாணங்காச்சி பண்ணாம அங்கயே கெடந்தாரு. சாகுறப்ப இவரு பேருக்கு எழுதி வச்சுட்டாரு. ரெண்டு ரூமு. மேல தகரம். நான் வாட்சப் வீடியோவுலதான் பாத்தேன்... அதுலயே ஒழுகுச்சு.

வேற ஒண்ணும் வராட்டியும் வரி வந்துருது சார். வீட்டு வரி வருசத்துக்கு ரெண்டு தடவ. அவுக பாஷையில அதுக்குக் கதவு வரின்னு பேராம். தொறக்க ஆளில்ல, கதவுக்கு வரி! நிலத்துக்குத் தனியா ஒண்ணு. ஈப்போவுல பக்கத்து வீட்டு ராமக்காள் அக்கா பில்ல போட்டோ புடிச்சு அனுப்பும். பூரா மலாய். திருவாதவூர் பள்ளிக்கூடத்துல எனக்கு இங்கிலீசே பாதிதான் ஏறுச்சு, இத எங்கிட்டு வாசிக்க? நம்பரப் பாத்து நெஞ்சப் புடிச்சுக்குவேன். சரி, வாடகைக்கு விடுவோம்னா, அதுல நூத்துக்கு முப்பது அங்க எடுத்துக்குவாகளாம். வித்தா லாபத்துலயும் ஒரு பங்கு. வண்டியூர்ல எங்கம்மா வீட்டுக்கு வார வரி, புள்ளைக்கு ஒரு கவுன் வாங்குற காசு சார்!

என்னது... போன ஜூலையில நான் என்ன சொன்னேனா?

ஆமா... கேட்டீக. அவருக்கு லீவு இல்லேன்னு நாந்தான அவரோட வருமான வரிப் பேப்பரெல்லாம் தூக்கிட்டு வந்தேன். ‘வெளிநாட்டுல சொத்து உண்டாம்மா’ன்னீக. இல்லேன்னு தலையாட்டுனேன். அங்க கட்டுறது பத்தாதுன்னு இங்கயும் போட்ருவாகளோன்னு ஒரு பயம் சார். அதான் ஊருக்கு உண்டு, கவர்மெண்டுக்கு இல்ல.

எம்புட்டு? மறைச்சா பத்து லட்சம் வரைக்கும் பைனா! சார்... அந்த வீட்டத் தகரத்தோட எடைக்குப் போட்டாலும் அம்புட்டுத் தேறாதே!

இருங்க, இருங்க. சும்மா பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு இங்க வரியே கெடையாதா? உண்டுன்னு சொன்னா மட்டும் போதுமா? அட கடவுளே... அப்ப அன்னிக்கே தலைய மேல கீழ ஆட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்!

திருத்திப் போடலாமா? டயம் இருக்கா? போடுங்க சார், இப்பவே போடுங்க. உங்க புள்ளைகளுக்குப் புண்ணியமாப் போகும். இனிமே நீங்க கேக்காமலே எல்லாத்தையும் சொல்லிருவேன், கோழி எத்தனன்னு கூட.

ஓடிபியா? அவரு போனுக்கா வரும்? என் போனுக்கு வராதா?

இல்ல... விசயம் என்னன்னா, சித்தப்பா செத்த மறுமாசமே அங்க ஒரு ஆளு வெலைக்குக் கேட்டாரு. இவரு, வித்துப் புள்ள பேர்ல போட்ருவோம்னாரு. நாந்தான் மூணு நாளு சோறு திங்காமக் கெடந்து கெடுத்தேன். எங்க சொந்தத்துல வேற யாரு சார் பத்திரிகையில மலேசியா போட்ருக்கா? அன்னைலேர்ந்து ஒவ்வொரு பில்லுக்கும் மனுசன் என்னை ஒரு பார்வ பாப்பாரு, அம்புட்டுத்தான்.

போன் போகுதா? சார், சார்... ஓடிபிய மட்டும் கேட்டு வச்சுருங்க. ‘வித்துருங்க முத்துப்பாண்டி’ன்னு மட்டும் வாயத் தொறந்து சொல்லிராதீக!