பால் மறக்கடிச்ச வாரம்

கண்டக்டரே, மூணே கால் வண்டி, ரெண்டு சீட்டு, கீர்த்திகான்னு பேரு போட்டிருக்கும் பாருங்க, அது நாந்தாங்க. ரெண்டுமே நம்மளுதுதான், நீங்க உக்காருங்கம்மா. இல்லங்க, யாரும் வரல. கைப்புள்ளைய வச்சிக்கிட்டு நின்னுகிட்டே வந்தீங்கன்னா கும்பகோணம் போறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிடும். இன்னிக்கு சனிக்கிழமை வேற, திருநள்ளாறுல ஏறுற கூட்டத்துல கால் வைக்க எடமிருக்காது. ஜன்னலோரம் வாங்க, தம்பி வேடிக்கை பாக்கும்.

என்னா தம்பி, மொறைக்கிற? என் மூஞ்சி அப்படித்தான். ஊசி போட வர்ற மூஞ்சிடி ஒனக்குன்னு என் ஃப்ரெண்டு சொல்லுவா. நெசமாவே நர்சுதாங்க. மஸ்கட்டுல இருக்கேன். ராத்திரிக்குத் திருச்சியில பிளைட்டு.

நீங்களும் திருச்சிதானா? பி.எட்டா, நல்லதுங்க. ஹாஸ்டல் பாக்கப் போறீங்க. அப்ப தம்பி? ம். அம்மாகிட்ட விட்டுட்டு. அம்மா இருந்தா அதுக்கு மேல என்னா வேணும்.

இல்ல இல்ல, நான் ஒண்ணும் நெனைக்கல. சும்மாதான் கேட்டேன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. இளவேனில்னு பேரு, மூணு வயசு ஆவப்போவுது. கோவில்பத்துல அந்த ஃப்ரெண்டு வீட்டுலதான் வளருது. இந்தத் தடவ கூட்டிக்கிட்டுப் போவத்தான் வந்தேன். நீங்க உக்காந்திருக்கீங்களே, அது அதுக்குப் போட்ட சீட்டு. அத்தினியூண்டு புள்ளைக்கு எதுக்கு டிக்கெட்டுன்னு கேட்டாங்க. கால நீட்டித் தூங்கட்டுமேன்னு போட்டேன். வரல.

ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லங்க. நல்லா இருக்கு.

அவ பேரு பஹீமா. நர்சிங் நாலு வருஷமும் ஒரே பெஞ்சு. அவதான் படிப்பாளி. நான் அவளப் பாத்து எழுதுனவ. மஸ்கட்டு நர்சு வேலைப் பரீட்சைக்கும் ரெண்டு பேரும் சேந்துதான் படிச்சோம், ஆளுக்கொரு கைப்புள்ளைய மடியில போட்டுக்கிட்டு. அவ மவன் ஹபீபுக்கும் எம் மவளுக்கும் ரெண்டு மாசந்தான் வித்தியாசம். பரீட்சை அன்னிக்குப் பாத்து ஹபீபுக்குக் காய்ச்சல், அவ எழுதல. நான் எழுதுனேன், பாஸாயிட்டேன். பாருங்க, படிச்சவ இங்க இருக்கா, பாத்து எழுதுனவ அங்க இருக்கேன்.

பாஸானா குறிப்பிட்ட நாளுக்குள்ள சேரணும், இல்லன்னா மறுபடி மொதல்லேந்து எழுதணும். எங்க வீட்டுக்காரரு கதிரவன் முன்னாடியே அங்கதான், கேம்ப்புல, எட்டு பேருக்கு ஒரு ரூம்பு. எனக்கு அம்மா இல்ல. மாமியாரு சுரக்குடில, மாமனாருக்குப் பக்கவாதம் வந்து அவரத் தூக்கி உக்கார வைக்கவே சரியா இருக்கும். யோசிச்சிக்கிட்டே இருந்தேன். பஹீமாதான், இங்க போட்டுட்டுப் போடி, ஒண்ணு கெடக்குற எடத்துல ரெண்டு கெடக்கட்டும்னா. அவ புருசன் ஜவஹர் அண்ணன் துபாய்ல. அவருகிட்டயும் கேட்டுட்டுத்தான் சொன்னா. அப்ப எட்டு மாசம் எம் புள்ளைக்கு.

போயி ஒரு வாரங்கூட இருக்காது, போன் வருது. டப்பா பாலத் துப்புது, கரண்டில குடுத்தாலும் துப்புது, எம்பாலக் குடுக்கட்டுமான்னு கேக்குறா. இதெல்லாமாடி கேப்பன்னேன். கேக்கணும்டி, எங்கள்ல பாலக் குடுத்துட்டா அது எம் மவ ஆயிடும், ஹபீபுக்குக் கூடப் பொறந்ததாயிடும், நாளைக்கு எம் மவனுக்குக் குடுக்கிறேன்னு சம்பந்தம் பேசிக்கிட்டு வந்து நிக்காதன்னா. நான் மஸ்கட்டு ஹாஸ்டல் மாடிப்படில நின்னுகிட்டுச் சிரிக்கிறேன். குடுடின்னேன்.

தம்பிய இப்படிக் குடுங்க, நீங்க தண்ணி குடிங்க. வருது பாருங்க, பரவால்ல. ஆளு தெரியாத வயசு.

தெனம் சாயந்தரம் வீடியோ கால் போடுவேன். அவளும் ஒரு நாளு விட்டதில்ல. எனக்கு டூட்டி மாறி நேரங்கெட்ட நேரத்துல கூப்பிட்டாலும் புள்ளைய எழுப்பி உக்கார வச்சிடுவா. இது யாரு, அம்மா. சொல்லு, அம்மா. முத்தம் குடு அம்மாக்கு. அது போனுக்குக் குடுக்கும். அவளப் பாத்தா மாமா, மாமான்னு ஏதோ ஒரு பேரு, அதுவா வச்சிக்கிட்டது. அம்மான்னு கூப்பிடவே விடமாட்டா. அம்மா அங்க இருக்குன்னு போனக் காட்டுவா. அவ்வளவு ஒழுங்காச் சொல்லிக் குடுத்தா. அதான் வெனையாப் போச்சு. எம் மவளுக்கு அம்மான்னா போனு.

சிரிக்கலாம் நீங்க. நாங்களுந்தான் சிரிச்சோம். போன மாசம் வந்து எறங்குறேன், வாசல்ல நிக்கிது, சட்டையெல்லாம் புதுசு. அம்மா வந்துட்டாங்க பாருன்னு பஹீமா சொல்றா. அது என்னைத் தாண்டி என் கையப் பாக்குது. கையில இருந்த போனப் புடுங்கி, அம்மான்னு சொல்லி உள்ள கொண்டுகிட்டுப் போயிடுச்சு. ஒரு வாரம் கிட்ட வரல. கடைசில என்னா பண்ணேன் தெரியுமா, மாடியில நின்னுகிட்டு கீழ இருக்குற புள்ளைக்கு வீடியோ கால் போட்டேன். நல்லாப் பேசிச்சு. இட்லியக் காட்டிச்சு, ஹபீபு கடிச்சத காட்டிச்சு. பேசிக்கிட்டே மெதுவாப் படியெறங்கி அது முன்னாடி வந்து நிக்கிறேன். போனப் பாத்திச்சு, என்னையப் பாத்திச்சு. போன முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சி வச்சிக்கிச்சு, நான் அவங்கம்மாவத் தூக்கிட்டுப் போயிடுவேன்னு.

டிக்கெட்டு நாளு நெருங்குது. பஹீமா ஒரு நாளு காலையில துணிய எடுத்துப் பையில அடுக்குறா. பாலயும் நாந்தாண்டி மறக்கடிச்சேன், வேப்பெண்ணெயத் தடவுனேன், மூஞ்சியச் சுளிச்சிச்சு, ரெண்டு நாளு கத்துச்சு, விட்டுடுச்சு. இப்ப என்னைய மறக்கணும், ஆளுக்கு எதத் தடவுறது, அதான் நாகூரு போறேன்னா. அவ அக்கா சித்திக்கா அங்கதான், லாத்தா லாத்தாம்பா. ஹபீபத் தூக்கிக்கிட்டுப் பின்வாசல் வழியாப் போனா. திரும்பிப் பாக்கலிங்க. நானும் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா நின்னிருப்பா.

அந்த வாரம் வீட்டுல நானும் அதுவுந்தான். மொத நாளு தேடுச்சு. கொல்லையில, கட்டிலுக்கு அடியில, பீரோவத் தொறந்து. அப்பறம் தேடல. கேட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கும். கூப்பிட்டா வரும், ஊட்டுனா வாயத் தொறக்கும், படுன்னா படுத்துக்கும். சொன்னதெல்லாம் கேட்டுச்சு. ஆஸ்பத்திரில சில பேரு அப்படி இருப்பாங்க, நாம என்ன சொன்னாலும் சரிம்பாங்க, சண்ட போடுற பேசண்டே தேவலாம்னு தோணும். அந்த மாதிரி இருந்துச்சு. ரெண்டே முக்கா வயசுப் புள்ள.

தூக்கிக்கிட்டு நாகூரு பஸ் ஏறிட்டேன்.

லாத்தா வீட்டு வாசல்ல, அவ இங்க இல்லியேம்மாங்குறாங்க லாத்தா, கண்ணு கலங்கி நிக்குது. வாசல்ல பஹீமா செருப்பு கெடக்கு. எம் மவ எறங்கி அதுல ஒண்ண எடுத்து நெஞ்சோட அணைச்சிக்கிச்சு. உள்ள அடுப்படிக் கதவு தொறந்துது, பஹீமா நிக்கிறா. புள்ள ஓடலிங்க. மெதுவா நடந்து போயி, அவ கால் மேல உக்காந்து, முழங்கால்ல தலைய வச்சித் தூங்கிடுச்சு. அழுவல. அழுதிருந்தா தூக்கிக்கிட்டு வந்திருப்பேன், எல்லாப் புள்ளையுந்தான் அழுவுது. பஹீமாதான் சத்தம் போட்டா. ஏண்டி கொண்டாந்த, இன்னும் நாலு நாளு போயிருந்தா மறந்திருக்குமே பாவின்னு. அவ மூஞ்சியப் பாத்தேன். அந்த வாரம் முழுக்க அவளும் கஞ்சி குடிச்ச மாதிரி தெரியல.

வேலைய விட்டுட்டு இங்கயே இருக்கலாமேன்னு நீங்களும் கேக்குறீங்க. கேக்கத்தான் செய்வாங்க. விட்டுட்டு சுரக்குடில இருந்தாலும் அவகிட்டேந்து பிரிச்சித்தானேங்க வச்சிருக்கணும். பக்கத்து வீட்டுலயே குடியிருந்தா? அதையும் யோசிச்சேன். தெனம் ரெண்டு வாசலுக்கும் நடுவுல அது நிக்கும். யாருகிட்ட போவுதுன்னு நான் பாப்பேன், அவளும் பாப்பா. எங்க வீட்டுக்காரருகிட்ட புள்ள வரலன்னு போன்ல சொன்னேன். புதுசா எடுத்த வீட்டுல கட்டிலு வாங்கிப் போட்டுட்டேன், சின்னக் கட்டிலு, அத என்ன செய்யிறதுன்னார்.

பஹீமா இன்னும் சொல்றா, அடுத்த வருஷம் வெவரம் தெரிஞ்சிடும், நானே கொண்டாந்து விடுறேன், நீ கவலப்படாதன்னு. சரிடின்னு சொல்லியிருக்கேன்.

உங்கள நான் போவாதீங்கன்னு சொல்லலிங்க. படிங்க. படிப்பு வேணும். உங்கம்மா இருக்காங்க, நீங்களும் வாராவாரம் வந்துடலாம், இந்தா இருக்கு திருச்சி. இது வேற, அது வேற. தூங்கிட்டான் பாருங்க, வாய மூடாம. இருக்கட்டும், எனக்குக் கை வலிக்கல.

ஸ்கூலா? அதெல்லாம் சேத்தாச்சு. போன வாரம் வெள்ளிக்கிழமை, ஜூன் பன்னெண்டாந்தேதி, ஹபீபையும் அதையும் ஒண்ணா பிரீகேஜில சேத்தோம், கோவில்பத்துலயே, அடுத்த தெருவுல. ரெண்டு பேருமாத்தான் போனோம். டீச்சரம்மா வேலைக்குப் புதுசு. அம்மா மூஞ்சியத் தெரிஞ்சி வச்சிக்கணும், அவங்க வந்தாத்தான் புள்ளைய அனுப்புவோம், இதுல இளவேனிலோட அம்மா யாருன்னு கேட்டாங்க. பஹீமா என்னையப் பாத்தா. நான் அவளக் கை காட்டுனேன்.