அரைப்பேர்

"பேர வெட்டுனாத்தான் களவுக்கா."

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் சொன்னாள். அவளுக்கு நெட் கபேயில் வேலை. இணைய வானொலியிலிருந்து அவள் பதிந்த பாட்டு சீடி, பக்கத்தில் இருந்த தேயிலைக் கொழுந்தெடுக்கும் அக்காவின் கையில்.

"அதுக்காகவா ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால அந்த ரேடியோ ஆளு பேசுறத விட்டு வச்சிருக்க?"

"பாடுனவங்க, எழுதுனவங்க பேர அவருதானே சொல்றாரு."

"அவங்களுக்குக் காசு குடுக்கலியே. நியாயமா?"

"முழு நியாயம் இல்லக்கா. அரைப்பேர்தான் போட்டிருக்கேன்."

தோட்டத்தில் பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். அதற்குப் பெயர் அரைப்பேர். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மிச்ச அரை?"

"புடிச்ச பாட்ட கடையில வாங்கிருவேன்."

"எங்களுக்குப் பேர் போடுற கணக்கப்பிள்ளையா நீ வந்திருக்கணும்டி. அரைப்பேர் போட்டுட்டு மிச்சத்த நெனச்சுப் பாக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்."