இரண்டு விரல் ஆழம்

எனக்கு ஓடிப் பழக்கமில்லை, மேடம். கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும் அடுத்த பஸ்ஸுக்காக நிதானமாக நிற்கிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பு வந்தால் ஒரு ஓரமாக உட்கார்ந்து, மற்றவர்கள் ஓடுவதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்துகொண்டிருப்பேன். இன்றைக்கும் எனக்கு அதுதான் தொழில்.

வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். மறைக்கிற எண்ணம் இல்லை.

எங்கள் ஸ்டுடியோ எடுத்துக்கொண்டிருந்தது ஓர் அனிமேஷன் படம், குழந்தைகளுக்கானது. ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பெண்கள். இருவரும் நூறு மீட்டர் ஓட்டக்காரிகள். ஒருத்தியைக் கண்டால் ஒருத்திக்கு ஆகாது. கடைசிப் பந்தயத்தில், கோட்டைத் தொட இன்னும் கொஞ்ச தூரமே இருக்கும்போது ஒருத்தி விழுகிறாள். முந்திப் போன மற்றவள் திரும்பி வந்து அவளைத் தூக்குகிறாள். கதையைக் கேட்ட அன்றே இயக்குநரிடம் சொன்னேன், ஜெயிக்கப் போகிறவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள் என்று. "குழந்தைங்க படம்ப்பா, விடு," என்றார். விட்டுவிட்டேன். நான் பிடிவாதக்காரன் அல்ல.

ஓட்டக் காட்சிகள் முழுவதும் என் பொறுப்பு. முதல் ஓட்டத்தை யாரையும் பார்க்காமல் என் மனத்திலிருந்தே வரைந்து முடித்திருந்தேன். அதன் பிறகுதான் இயக்குநர் நிஜ ஓட்டக்காரர்களை வரவழைத்தார். எங்கள் தொழிலில் இது வழக்கம். மூட்டுகளில் நிறப் பட்டை ஒட்டி, ஓடவிட்டுப் படம் பிடிப்போம். அதை ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்தி, பார்த்து வரைவோம்.

வந்த இரண்டு பெண்களும் நிஜத்திலேயே போட்டியாளர்கள். தேசிய அணியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. அது இவளுக்கா அவளுக்கா என்பது மாதக் கடைசியில் நடக்கவிருந்த தேர்வு ஓட்டத்தில் தெரியும். ஒருத்திக்குச் சிவப்புப் பட்டை, இன்னொருத்திக்கு நீலம். நாலே நாளில் அவர்கள் பெயரே அதுவாகிவிட்டது. அவர்களும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"என்னடி சிவப்பு, இன்னிக்கு உருண்டு வர்ற? ராத்திரி தூங்கலையா?"

"கனவுல நீ வந்த. அப்புறம் எங்க தூங்கறது?"

இப்படியே போகும். தேநீர் கொண்டுவருகிறவர்கூட அதைக் கேட்பதற்காகத் தட்டோடு நின்றுவிடுவார்.

நீலத்தின் அப்பா தினமும் கூட வருவார். லாரி மெக்கானிக். வாசல் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மகளின் ஸ்பைக்ஸ் ஷூவை மடியில் வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வோர் ஆணியாகத் தேய்த்துக்கொண்டிருப்பார். அவருடைய நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும், ஸ்பைக்ஸில் ஒரு தூசி இருக்காது. நாங்கள் படம் பிடித்த இடம் ஒரு பழைய கிடங்கு, சிமெண்டுத் தரை. "தம்பி, தரை இவ்வளவு கெட்டியா இருக்கே, புள்ளைங்க முட்டி என்னத்துக்காகும்?" என்று முதல் நாளே கேட்டார். நியாயமான பேச்சு. ரப்பர் விரிப்புக்கு அடியில் கனமான ஃபோம் போடச் சொன்னது நான்தான். அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் அன்றைக்கே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது என்ன நடந்தாலும் யாரும் நடுவில் வரக்கூடாது. அவர் பயபக்தியோடு தலையாட்டினார்.

அந்த வாரம்தான் இயக்குநர் நான் முன்பே வரைந்து வைத்திருந்த ஓட்டத்தைப் பெரிய திரையில் போட்டு அந்தப் பெண்களுக்குக் காட்டினார். ஸ்டுடியோ முழுவதும் அங்கே இருந்தது. ஓடி முடிந்ததும் நீலம் என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அண்ணா, தப்பா நெனைச்சுக்காதீங்க. இவ ஓடல. பஸ்ஸப் பிடிக்கப் போறா."

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான் சிரித்தேன். மறுநாள் அந்த வேலை முழுவதையும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்டுடியோவில் எனக்கு பஸ் ஸ்டாப் என்று பெயர். "பஸ் ஸ்டாப் வந்தாச்சா?" என்று என் காதுபடவே கேட்பார்கள். என் நாற்காலியின் முதுகில் யாரோ 'இங்கு பேருந்துகள் நிற்கும்' என்று எழுதி ஒட்டினார்கள். நான் அதைக் கிழிக்கவில்லை. விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் உண்டா என்று நேற்றே கேட்டீர்கள். இல்லை. அவள் சொன்னது சரி. சரியாகச் சொன்னவள் மேல் யாராவது கோபப்படுவார்களா?

என் பிரச்சினை விழுகிற காட்சி. தடிமனான மெத்தையைப் போட்டு விழவிட்டுப் பார்த்தோம். சிவப்பு சலிக்காமல் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். நீலம் ஓரத்தில் நின்று, "மெத்தைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போடி, அங்கேயே விழுந்து பழகு," என்று சீண்டிக்கொண்டிருந்தாள். இயக்குநருக்குத் திருப்தி. எனக்கு இல்லை. ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தால் தெரியும். விழப்போகிறோம் என்று தெரிந்தவரின் கைகள் கால் தடுக்குவதற்கு முன்பே முன்னால் வந்துவிடும். முகம் அதற்கும் முன்னால் தயாராகிவிடும். அது விழுவது அல்ல, படுப்பது. நிஜமாக விழ வேண்டுமென்றால் விழுகிறவளுக்கு அது தெரிந்திருக்கக் கூடாது. இந்த வாதத்தில் தவறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள்.

வாரக்கணக்கில் நீலத்தின் ஓட்டத்தை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வரைந்திருந்தேன். கிளம்புகிற கட்டையை உதைத்து, தலை நிமிர்ந்து, முழு வேகம் பிடிக்கும்போது அவளுடைய இடது கால் எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எத்தனை தடவை ஓடினாலும் ஓர் உள்ளங்கை அகலம்தான் முன்னே பின்னே இருக்கும். சிவப்புக்கு அடி குட்டை. அவளுடைய கால் அந்த இடத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று விழுமே தவிர, அதன்மேல் விழாது.

சம்பவத்துக்கு முந்தின நாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது விரிப்பைத் தூக்கி, அந்த இடத்தில் ஃபோமை ஒரு பாதம் அளவுக்கு வெட்டியெடுத்தேன். இரண்டு விரல் ஆழம். விரிப்பை மறுபடி இழுத்துப் போட்டதும் மேலே எதுவும் தெரியவில்லை. வெட்டிய துண்டைத் தேடவேண்டாம், என் மேஜையில்தான் இருக்கிறது. வரையும்போது மணிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். மெத்தென்று இருக்கும்.

மறுநாள் காலை இருவரையும் ஒன்றாக ஓடச் சொன்னேன். இது வெறும் ஓட்டம்தான், விழுவது கிடையாது என்றும் சொன்னேன். "அப்பாடா, மெத்தைக்கு இன்னிக்கு லீவு," என்றாள் சிவப்பு. நான்கு பக்கமும் கேமரா வைத்திருந்தேன்.

கைகள் வரவே இல்லை, மேடம். நான் நினைத்தது முழுக்கச் சரி. கால் உள்ளே போனது, முட்டி ஒரு பக்கமாக மடங்கியது, உடம்பு தனக்கு எதுவும் தெரியாதது போல இன்னும் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது. வலி வர நேரமானது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முகம் இருக்கிறது. யாரும் வரைந்ததில்லை அதை. நடித்துக் காட்ட முடியாத முகம்.

பிறகு சத்தம் போட்டாள். அவளுடைய அப்பா ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடிவந்தார். கையில் பிரஷ் அப்படியே இருந்தது. "கேமரா ஓடுது, நடுவுல வராதீங்க," என்றேன். நின்றுவிட்டார். ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, சரியாக நின்றார். சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர். "தம்பி, போதுமா? வரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தை இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருந்தது.

கெடுத்தது சிவப்புதான். அவள் முந்திப் போய்விட்டாள். சத்தம் கேட்டதும் நின்று, திரும்பி ஓடிவந்து, மண்டியிட்டு, நீலத்தின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஏய், என்னைப் பாரு. என்னை மட்டும் பாருடி." அவளுடைய முதுகு நடுவில் வந்ததால் இரண்டு கேமராவில் முட்டி தெரியவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஜெயிக்கப் போகிறவள் திரும்பி வர மாட்டாள் என்று நான் சொன்னது தப்பு. அந்த விஷயத்தில் இயக்குநர்தான் சரி.

முட்டிக்குள் இருக்கிற தசைநார்கள் அறுந்துவிட்டன என்றார் மருத்துவர். நடக்கலாம், ஓட முடியாது. விரிப்பைத் தூக்கியபோது பள்ளம் தெரிந்தது. அன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, தனியாக உடம்பைத் தளர்த்திக்கொண்டிருந்தவள் சிவப்பு. நீலம் விழுந்தால் லாபம் யாருக்கு என்று எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டார்கள். நீங்களும்தான். விசாரணை முடியும்வரை அவளை ஓடவிடக் கூடாது என்று தேர்வுக் குழு முடிவெடுத்தது. அணியில் இருந்த இடம் கடைசியில் மூன்றாவது ஒருத்திக்குப் போனது. சிவப்பு மருத்துவமனைக்குப் போனபோது நீலத்தின் அப்பா அவளை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாராம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த நாட்களில் நீங்கள் என்னிடமும் வந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு எப்படிப்பட்ட பெண் என்று கேட்டீர்கள். நல்ல பெண் என்றுதான் சொன்னேன். ஃபோமைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை.

இயக்குநர் அந்தப் பதிவைப் பார்க்கவே மறுத்துவிட்டார். மெத்தையில் எடுத்ததே படத்துக்குப் போதும் என்றார். ஆனாலும் நான் வரைந்தேன். ஒரு ஃப்ரேம் விடாமல் வரைந்தேன். என் வாழ்க்கையில் அதுபோல எதுவும் வந்ததில்லை.

அதை டேப்லெட்டில் எடுத்துக்கொண்டுதான் மருத்துவமனைக்குப் போனேன். நீலத்தின் அப்பா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். "உக்காருங்க தம்பி. வேலைய விட்டுட்டு வந்திருக்கீங்க." ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். டேப்லெட்டை நீலத்தின் கையில் கொடுத்தேன். இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்தினாள்.

"அண்ணா, இது நான்."

"ஆமாம்மா."

"கதைல விழறது சிவப்புதானே? நான்தானே திரும்பி வந்து தூக்கணும்?"

"நிறத்த மாத்தறது ஒரு நிமிஷ வேலைம்மா," என்றேன். உண்மைதான், எங்கள் தொழிலில் அதைவிடச் சுலபமான வேலை இல்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அப்பாவுக்குக் கேட்கட்டும் என்பது போல நிதானமாகச் சொன்னாள். "என் கால் அங்கதான் விழும்னு சிவப்புக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. இவருக்குத்தான் தெரியும்." ஆப்பிள் நறுக்குகிற சத்தம் நின்றது.

மீதி உங்களுக்குத் தெரியும். அவளுடைய அப்பாதான் ஸ்டேஷனுக்கு உங்களைத் தேடி வந்தார். ஃபோமை வெட்டியது நான். விழ வேண்டியவள் நீலம் என்று முடிவு செய்ததும் நான். சிவப்பை விட்டுவிடுங்கள். ஏன் செய்தாய் என்று எத்தனை தடவை கேட்டாலும் படத்துக்காக என்றுதான் சொல்வேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் மனத்தில் உறுத்துகிறது. அன்று மருத்துவமனையிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் டேப்லெட்டை மறுபடி ஓடவிட்டு, நீலத்தின் முகத்துக்கு நேராகப் பிடித்து, "இப்ப ஓடுறாளா?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு தூரம் போயிருந்தேனே, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.